ஓடாதே என்று சொல்ல ஒருவன்

(முதுகலை இரண்டாம் ஆண்டு, பொருளியல்)

சென்ற மாதம் எங்கள் துறையில் விடைபெறு விழா நடந்தது. முதுகலை முடிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் எழுந்து, "அடுத்து என்ன?" என்ற கேள்விக்கு ஒரு நிமிடம் பதில் சொல்லவேண்டும் என்று துறைத் தலைவர் கேட்டுக்கொண்டார். முதல் வரிசையிலிருந்து தொடங்கிற்று. பி.எட்., குரூப் 2, வங்கித் தேர்வு, முனைவர் பட்டம், மறுபடியும் குரூப் 2. ஒரு தோழி "திருமணம்" என்று ஒரே சொல்லில் முடித்துக் கைத்தட்டலை அள்ளிக்கொண்டாள். என் முறை வந்தது. "விளையாட்டு வீரர்களுக்குப் பயிற்சி..." என்று ஆரம்பித்தேன். வாக்கியம் முடியவில்லை. "பி.டி. மாஸ்டரா!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. அறையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சொல்ல முடியாமல் போனதைச் சொல்லத்தான் மலர்க் குழுவினரிடம் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன். பி.டி. மாஸ்டர் ஆவதில் குறைவு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னை முதன்முதலில் ஓடச் சொன்னவரே ஒரு பி.டி. மாஸ்டர்தான். ஆனால் நான் ஆக விரும்புவது அதுவன்று. அதற்கு நம் ஊரில் இன்னும் ஒரு பெயர் அமையவில்லை என்பதுதான் என் தொல்லை.

பயிற்சியாளர் என்ற ஒரு சொல்லுக்குள் நாம் எத்தனை பேரை அடைத்து வைத்திருக்கிறோம் பாருங்கள். எப்படி ஓடுவது, எப்படிப் பந்தை வீசுவது என்று சொல்லித் தருகிறவர் ஒருவர். பள்ளியில் உடற்கல்வி வகுப்பு நடத்துகிறவர் ஒருவர். ஜிம்மில் கண்ணாடி முன்னால் நின்று புஜத்தை வளர்த்துவிடுகிறவர் ஒருவர். அடிபட்டுப் பல நாள் கழித்து நாம் தேடிப் போகும் இயன்முறை மருத்துவர் ஒருவர். இவர்களுக்கு நடுவே இன்னொருவர் இருக்கிறார். அவர் இடம் மைதானத்தின் கோட்டுக்கு வெளியே. ஆட்டத்துக்கு முன் கணுக்காலில் டேப் சுற்றுவார். தண்ணீர் போதுமா, வெயில் தாங்குமா என்று பார்ப்பார். ஒருவன் விழுந்தால் முதலில் ஓடுவார். இவன் எழுந்து ஆடலாமா கூடாதா என்று அந்த நிமிடத்திலேயே முடிவு சொல்வார். அதன்பின் அவன் திரும்பவும் முழு வேகத்தில் ஓடும் நாள்வரை ஒவ்வொரு வாரமும் கணக்கு வைப்பார். அமெரிக்காவில் இவர்களை அத்லெட்டிக் டிரெயினர் என்கிறார்கள். 1950-இல் அங்கே இவர்களுக்கென ஒரு தேசியச் சங்கம் அமைந்தது. 1990-இல் அந்நாட்டு மருத்துவர் சங்கம் இதை ஒரு மருத்துவத் துணைத் தொழிலாக ஏற்றுக்கொண்டது. இப்போது அந்தத் தொழிலுக்குள் நுழைய முதுகலைப் பட்டமே வேண்டும். அதாவது, என்னைப் போன்ற வயதுக்காரர்கள் அங்கே இதைத்தான் முதுகலையாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இங்கே தேவைக் கோட்டையும் அளிப்புக் கோட்டையும் வரைந்துகொண்டிருந்தேன்.

இந்த ஆசை எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. வலது தொடையிலிருந்து வந்தது.

இளங்கலை இரண்டாம் ஆண்டில் நான் 400 மீட்டர் ஓடினேன். என் சிறந்த நேரம் 51.8 வினாடி. பெரிய நேரம் ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு அது பெரிது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில், பயிற்சி ஓட்டத்தின் நடுவே, தொடையின் பின்புறத்தில் யாரோ கல்லை விட்டெறிந்தாற்போல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பின்தொடைத் தசை கிழிந்தால் அப்படித்தான் இருக்குமாம், பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று மாலையே ஒருவரிடம் அழைத்துப் போனார்கள். அவர் கைராசிக்காரர் என்று பெயர். எண்ணெயைச் சூடுபண்ணி, அரைமணி நேரம் அழுத்தித் தேய்த்தார். தசைக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் முதல் இரண்டு நாளில் சூடும் தேய்ப்பும் கசிவைக் கூட்டும் என்பது அங்கிருந்த யாருக்கும் தெரியாது. 12-ஆம் நாள் நடந்தால் வலியில்லை. "வலிக்கலையே, அப்புறம் என்ன? ஓடு" என்றார்கள். ஓடினேன். இரண்டாம் வளைவு வரை நன்றாக ஓடினேன். அங்கே அதே இடம் மறுபடியும் கிழிந்தது, முன்னைவிட அதிகமாக.

வலி போவதும் புண் ஆறுவதும் வேறு வேறு என்று சொல்ல அன்று ஒருவர் இருந்திருந்தால்! கிழிந்த தசை ஆறும்போது முதலில் ஒட்டுப் போட்டதுபோல் தழும்புத் திசுதான் உண்டாகிறது. அது நடைக்குத் தாங்கும், முழு வேக ஓட்டத்துக்குத் தாங்காது. மறுபடியும் மைதானத்தில் இறங்கும் முதல் சில வாரங்களில்தான் இந்தக் காயம் பெரும்பாலும் திரும்ப வருகிறது. என்னைச் சுற்றி இருந்த எல்லோரும் என்மேல் அன்பானவர்கள். அதை இன்றும் சொல்வேன். தொடையைத் தடவினால் ஒரு சிறு பள்ளம் இன்னமும் விரலில் படுகிறது.

ஓட்டம் போன பிறகு மைதானத்தில் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. எங்கள் உடற்கல்வி இயக்குநர் ஐயா ஒரு நாள் கூப்பிட்டு, "ஓட முடியலைன்னா ஓடறவங்களைப் பாரு" என்று சொல்லி, அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தையும் ஒரு சுருள் டேப்பையும் கொடுத்தார். கணுக்காலில் டேப் சுற்றுவது எப்படி என்று அவரே தம் காலை நீட்டி எனக்குக் கற்றுக்கொடுத்தார். முதல் மூன்று தடவை நான் சுற்றியதில் அவருக்கு இரத்த ஓட்டமே நின்றுபோயிருக்கும், ஒன்றும் சொல்லவில்லை. கபடி, வாலிபால், தடகளம், சதுரங்கம் அத்தனைக்கும் இந்தக் கல்லூரியில் அவர் ஒருவர்தான். ஒருவர் எத்தனை கோட்டுக்கு வெளியே நிற்க முடியும்?

என் வீடு ஆவடியில். அங்கே விடியற்காலை 5 மணிக்குச் சாலைக்கு வந்து பார்த்தால்தான் நான் சொல்லப்போவது விளங்கும். எங்கள் ஊருக்கு 1961-இல் டாங்கித் தொழிற்சாலை வந்தது. மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் உண்டு, தமிழ்நாடு சிறப்புக் காவல் படைப் பிரிவுகள் உண்டு. 2019-இல் ஊர் மாநகராட்சி ஆயிற்று. 2022-இல் தனிக் காவல் ஆணையரகமும் வந்தது. ஆகவே சீருடை என்பது எங்கள் பையன்கள் தினமும் பக்கத்தில் பார்த்துப் பழகிய ஒன்று. பட்டாபிராம், அண்ணனூர், திருமுல்லைவாயில் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து இருட்டோடு எழுந்து வந்து ஓடுவார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடவேண்டும். எழுத்துத் தேர்வு முடிவு வந்த மறுநாள் பாருங்கள், அதுவரை பேருந்துக்குக்கூட ஓடாதவன் தார்ச்சாலையில் 10 கிலோமீட்டர் ஓடுவான். காலில் நடைபாதைக் கடையில் வாங்கிய ஷூ. சிலருக்கு அதுவும் அண்ணனுடையது.

நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு காலி மைதானத்தில் டேப் பிடித்து அளந்து, சுண்ணாம்புப் பொடி தூவி, 300 மீட்டர் வட்டம் ஒன்று போட்டோம். ஐந்து சுற்று ஓடினால் 1500. ஒரு சுற்றுக்கு 84 வினாடி என்றால் சரியாக 7 நிமிடம். நான் ஸ்டாப்வாட்சும் கையுமாக நிற்பேன். பக்கத்தில் ஒரு தெர்மக்கோல் பெட்டி. அதில் மீன் மார்க்கெட்டில் வாங்கிய ஐஸ். வீக்கத்தின்மேல் அதை வைத்தால் "அண்ணா, காலெல்லாம் வஞ்சிரம் வாசனை" என்று சிரிப்பார்கள். இந்த ஐஸ் வைத்தியத்திலும் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரே மந்திரமாக 1978-இல் எழுதி உலகமெங்கும் பரப்பியவர் கேப் மிர்கின் என்னும் அமெரிக்க மருத்துவர். அவரே 2014-இல், ஐஸ் வலியைத் தணிக்கும், ஆனால் ஆறுவதைத் தாமதப்படுத்தவும் கூடும் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். இதைப் படித்த அன்று என் பெட்டியைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

ஒரு ஏப்ரல் மாதம் ஒரு பையன் ஓட்டத்தின் நடுவே தள்ளாடி விழுந்து ஏதேதோ பிதற்றினான். உடம்பு அடுப்பாய்க் கொதித்தது. ஆட்டோவைக் கூப்பிடுங்கள், சோடா வாங்குங்கள் என்று ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ஆட்டோ வரட்டும், அதற்குமுன் உடம்பு குளிரவேண்டும் என்று படித்திருந்தேன். பக்கத்துத் தொட்டியிலிருந்து வாளி வாளியாக அவன்மேல் ஊற்றினேன். பெட்டியில் இருந்த ஐஸ் முழுவதையும் கழுத்திலும் அக்குளிலும் வைத்தோம். பிழைத்துக்கொண்டான். அன்று எல்லோரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். அதில் எனக்குச் சற்றுத் தலை கனத்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்து நடந்ததற்கு அது தேவை.

அவன் பெயர் இங்கே வேண்டாம். தம்பி என்றே சொல்கிறேன். 21 வயது. திருமுல்லைவாயில். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். எழுத்துத் தேர்வில் தேறியிருந்தான். உடல்தகுதித் தேர்வுக்கு 24 நாள் இருந்தது. "அண்ணா, இங்க வலிக்குது" என்று முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முன்னெலும்பைக் காட்டினான்.

முன்னெலும்பில் வலிப்பது ஓடுகிறவர்களுக்குச் சாதாரணம். ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. எலும்பின் ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஓய்வெடுத்து, ஓட்டத்தைக் குறைத்தால் சரியாகும். விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்தால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், அது வேறு. எலும்பு கல் அன்று, உயிருள்ள பொருள். சுமை கூடும்போது பழையதைக் கரைத்துவிட்டுப் புதியதைக் கட்டிக்கொள்கிறது. திடீரென்று ஓட்டத்தைப் பல மடங்கு கூட்டினால் கரைப்பது முந்திக்கொள்ளும், கட்டுவது பின்தங்கும். அந்த இடைவெளியில், மூன்றாவது நான்காவது வாரத்தில், மயிரிழை போன்ற விரிசல் விழுகிறது. படையில் புதிதாகச் சேர்ந்து பயிற்சி பெறுகிறவர்களிடம் இது உலகமெங்கும் அடிக்கடி காணப்படும் காயம்.

நான் விரலால் அழுத்தினேன். ஒரே இடத்தில் துள்ளினான். ஒற்றைக்காலில் குதிக்கச் சொன்னேன். ஒரு தடவை குதித்தான். இரண்டாவது தடவை குதிக்கவில்லை. "ராத்திரி?" என்று கேட்டேன். "தூங்க முடியலை அண்ணா" என்றான். "தம்பி, ஓடாதே. டாக்டரைப் பார்" என்றேன்.

போய்ப் பார்த்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கக்கூடும் என்பது எனக்குத் தெரியும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரியும் என்பதும் தெரியும். மறுநாள் காலை அவனுடைய அப்பா இரவு ஷிப்ட் முடிந்து நேரே மைதானத்துக்கு வந்தார். சட்டையில் எண்ணெய்க் கறை. கையில் எக்ஸ்ரே கவர்.

"ஏம்பா, டாக்டரே ஒண்ணும் இல்லேன்னுட்டாரு. நீதான் ஓட வேணாம்னு சொன்னியாமே. நீ டாக்டரா?"

"இல்லைங்க ஐயா."

"கோச்சா?"

"இல்லைங்க."

"பின்ன நீ யாரு?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எம்.ஏ. பொருளியல் என்று சொல்லவா? மீன் ஐஸ் பெட்டியைக் காட்டவா? "உங்க இஷ்டங்க ஐயா. எதுக்கும் இன்னொரு தடவை காட்டிப் பாருங்க" என்று முணுமுணுத்தேன். அவர் மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வலி மாத்திரை போட்டுக்கொண்டு நேரம் பார்க்க வந்தான். யாருக்கும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்: அவனுக்கு ஸ்டாப்வாட்ச் பிடித்தவன் நான்தான். முதல் சுற்று 81. இரண்டாவது 83. மூன்றாவது 83. நான்காவது 85. கணக்குப்படி தேறிவிடுவான். ஒரு கணம் எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது, நம் சந்தேகம் தவறு என்று. ஐந்தாவது சுற்றின் பாதியில் உட்கார்ந்துவிட்டான். விழவில்லை, யாரோ தோளைப் பிடித்து உட்கார வைத்ததுபோல் உட்கார்ந்தான். நாங்கள் ஓடிப்போய்த் தூக்கி, கட்டையும் துணியும் வைத்துக் கட்டி, ஆட்டோவில் ஏற்றினோம். ஸ்டாப்வாட்சை நிறுத்த மறந்துவிட்டேன். மருத்துவமனை வாசலில் பார்க்கும்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

விரிசல் முழு முறிவாகியிருந்தது. மாவுக்கட்டு. உடல்தகுதித் தேர்வு நாள் வந்தது, போயிற்று.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்குப் பார்க்கப் போனேன். அவனுடைய அம்மா காப்பி கொடுத்தார்கள். அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். நான் கிளம்பும்போது தெருமுனை வரை கூடவே வந்தார். "அன்னிக்கு நீ இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம் இல்லப்பா?" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நீ யார் என்று கேட்டவரே இப்படிக் கேட்பது நியாயமா என்று பேருந்து நிறுத்தத்தில் நின்று எனக்குள் வாதாடிக்கொண்டேன். வாதத்தில் நான் ஜெயிக்கவில்லை.

சத்தமாகச் சொல்வதென்றால் என்ன? அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 2006-இல் சாக்கரி லைஸ்டெட் என்ற 13 வயதுப் பள்ளிச் சிறுவன், அவர்கள் கால்பந்து என்று சொல்லும் அந்த மோதல் விளையாட்டில் தலையில் அடிபட்டான். சற்று உட்கார வைத்துவிட்டு அதே ஆட்டத்தில் மறுபடியும் இறக்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் மூளையில் இரத்தக்கசிவோடு சாய்ந்தான். உயிர் பிழைத்தான், ஆனால் மறுபடி பேசவும் நிற்கவும் பயில அவனுக்கு நெடுங்காலம் பிடித்தது. 2009-இல் அந்த மாநிலம் அவன் பெயராலேயே ஒரு சட்டம் இயற்றியது. தலையில் அடிபட்டிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். தகுதிபெற்ற மருத்துவத் தொழிலர் ஒருவர் எழுதிக் கொடுக்கும்வரை திரும்ப இறக்கக் கூடாது. 2014-க்குள் 50 மாநிலங்களும் இப்படிச் சட்டம் கொண்டுவந்துவிட்டன. அப்படி எழுதிக் கொடுக்கும் உரிமை பல மாநிலங்களில் அத்லெட்டிக் டிரெயினருக்கும் உண்டு. அவர் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டியதில்லை. "வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னாலே போதும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் படிப்பு நிற்கிறது, பதிவு நிற்கிறது, சட்டம் நிற்கிறது. என் "வேண்டாம்" தனியாக நின்றது.

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் பொய். ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரியை 1920-இல் நம் சென்னையில்தான் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் அவரே. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. என்று நாம் சொல்வது அந்தக் கல்லூரிதான். உடற்கல்விக்கும் விளையாட்டுக்குமென்று ஒரு தனிப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில் 2005 முதல் நடக்கிறது. 2011-இல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியின் உடல்தகுதிப் பயிற்சியாளர் ராம்ஜி ஸ்ரீனிவாசன் சென்னைக்காரர். பூந்தமல்லிக்குப் போகும் வழியில் போரூரில் இருக்கும் ஸ்ரீராமச்சந்திரா விளையாட்டு அறிவியல் மையத்தை 2014-இல் சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் பந்துவீச்சுச் சோதனைக்கு அங்கீகரித்தது. முழங்கை 15 டிகிரிக்குமேல் நிமிர்கிறதா என்று காமிரா வைத்து அளக்கிறார்கள். அயல்நாட்டுப் பந்துவீச்சாளர்கள் விமானம் ஏறி வந்து கையைக் காட்டிவிட்டுப் போகிற இடத்துக்கு எங்கள் மைதானத்திலிருந்து பேருந்திலேயே போய்விடலாம். தம்பியின் கால் அந்தப் பேருந்தில் ஏறவேயில்லை. யாரைக் குறை சொல்வது? மேலே உச்சியில் விளக்கு எரிகிறது, படிக்கட்டில்தான் இருட்டு.

பூந்தமல்லியில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இயன்முறை மருத்துவம் முடித்து, விளையாட்டுப் பிரிவில் முதுகலை படிக்கிறார்கள். அவர்களிடம் யோசனை கேட்கப் போனேன். "+2-வில் உயிரியல் எடுத்தியா?" என்பதே முதல் கேள்வி. எடுக்கவில்லை. அந்தக் கதவு எனக்கு 17 வயதிலேயே சாத்தப்பட்டுவிட்டது. சாத்தும் சத்தம்கூட அன்று கேட்கவில்லை. அக்கா இந்தத் தொழிலை எனக்குப் பொன்முலாம் பூசிக் காட்டவில்லை. "டேப் சுத்தறதும் வீரரோட போட்டோ எடுக்கறதும்தான் எல்லாருக்கும் தெரியும். காலைல அஞ்சு மணிக்குப் போய், யார் தூங்கினா, யார் தூங்கலை, யாருக்கு எங்க பிடிக்குதுன்னு நோட்டுல எழுதணும். ஜெயிச்சா உன் பேரு வராது. தோத்தா வரும். சம்பளம் சில இடத்துல போட்டிக்கு இவ்வளவுன்னுதான்" என்றார்கள். பிறகு வாலிபால் ஆடும் பெண்களின் முழங்கால் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்வதைத் திருத்தினாலே எத்தனையோ தசைநார்க் கிழிசலைத் தடுக்கலாமாம். பேசும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தேன். சம்பளம் பற்றிச் சொன்ன முகம் அன்று அது.

எனக்குத் திறந்திருக்கும் வழி நீளமானது. பி.பி.எட். இரண்டு ஆண்டு, அதன்பின் எம்.பி.எட். இரண்டு ஆண்டு, அதில் உடற்பயிற்சி உடலியங்கியல், உயிர் இயக்கவியல், காயங்களைத் தடுத்தல் பக்கம் போகலாம். வெளியே வரும்போது 27 வயது. இவ்வளவுக்குப் பிறகும் நான் மருத்துவத் தொழிலர் ஆகமாட்டேன். காயத்தைக் கண்டுபிடித்து மருத்துவரிடம் சரியான நேரத்தில் அனுப்பத் தெரிந்த ஒருவனாவேன். இதை வீட்டில் சொன்ன இரவு மறக்காது. அப்பா டாங்கித் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "எம்.ஏ. எக்கனாமிக்ஸ் படிச்சிட்டு, ஊரான் காலுக்குக் கட்டுப் போடப் போறியா?" என்றார். நான் வாய்ப்புச் செலவு பற்றி விளக்க முயன்றேன். "அந்தச் செலவை யாரு குடுக்கறது?" என்றார். பொருளியல் பேராசிரியர்கள் இதைப் படித்தால் அவர் தரப்பில்தான் சேருவார்கள் என்று நினைக்கிறேன். அம்மா மட்டும், "உன் கால் போனப்ப ஒருத்தன் இருந்திருந்தா" என்று ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்து போனாள்.

பெயர் இல்லாத தொல்லையைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். விழா முடிந்த மறுநாள் தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, நேற்று என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் திருக்குறளில் மருந்து அதிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்பு சொல்கிறாராம்: நோயாளி, தீர்ப்பவன், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். "உழை என்றால் பக்கம். பக்கத்தில் நிற்பவன். உன் ஆள் இவன்தானே?" என்றார். நான் வகுப்புக்குத் தாமதமாகப் போனேன். பி.டி. மாஸ்டர் என்று கத்திய நண்பனிடம் இந்தச் சொல்லைச் சொன்னபோது, "இதை விண்ணப்பத்தில் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்றான். அதுவும் உண்மைதான்.

தம்பிக்குக் கட்டுப் பிரித்து மாதங்கள் ஆகின்றன. எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொல்லி, மெல்ல மெல்ல ஓட்டத்துக்குத் திரும்பலாம் என்று எழுதியும் கொடுத்தார். அந்தச் சீட்டை வாங்கி என் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம். வாரத்துக்கு மூன்று நாள். தார் வேண்டாம், மண் தரை. வலி இல்லாமல் ஒரு வாரம் போனால்தான் அடுத்த படி. அவனுடைய அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போது மைதானத்து ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போவார். என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

நேற்று முன்தினம் தம்பி வந்ததும் முன்னெலும்பை அழுத்திப் பார்த்தேன். பழைய இடத்தில் இலேசாகக் கண்ணைச் சுருக்கினான். உடனே சிரித்து மறைத்தான்.

"அண்ணா, ஒண்ணுமில்லண்ணா. அடுத்த தேர்வு அறிவிப்பு எப்ப வேணாலும் வரும்னு சொல்றாங்க. இன்னிக்கு ஒரு சுத்து?"

"ஓடாதே."

"ஒரே ஒரு சுத்துண்ணா."

"இல்லை. நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டு. வியாழக்கிழமை பார்க்கலாம்."

அவன் தன் அப்பா நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி ஷூவைக் கழற்றி, தெர்மக்கோல் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்களுக்குச் சுற்று எண்ணத் தொடங்கினான்.